மலிவாக வந்த மரை இறைச்சி



புசல்லாவை உறவுகளுக்கும், கம்பளை, இறம்பொடைப் பக்கத்து நண்பர்களுக்கும், என்னிடம் படித்துவிட்டு இப்போது கடை, கட்டார், கொழும்பு என்று போய்விட்ட பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசித்தால் போதும். ஆனால் கடைசி வரை வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

டிசம்பர் விடுமுறையில் மரை வேட்டைக்குப் போய் வந்தேன் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதும், இரண்டு பேர் உடனே "எங்கட பங்கு எங்கே சேர்?" என்று கேட்டார்கள். பகிடியாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது.

நாங்கள் போனது கமரா வேட்டை. சுட்டவன் என் நண்பன். நான் சுமந்தது முக்காலி, ஃப்ளாஸ்க், குடை.

அவன் பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்தவன். விடுதியில் பக்கத்துக் கட்டில். நோன்பு காலத்தில் என்னுடைய அலாரத்துக்கு நான் எழும்பமாட்டேன், அவன் எழும்பி என்னை உலுப்பிவிட்டு மறுபடி படுப்பான். லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, பழைய கமரா ஒன்றும் நீள லென்ஸ் ஒன்றும் வாங்கினான். ஆசை இதுதான்: மரையைப் பற்றி, தமிழில், நம் மலையகத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பத்து நிமிடப் படம்.

"மச்சான், நம்ம புள்ளைகளுக்கு டீவியில சிங்கம் தெரியும், வரிக்குதிர தெரியும். லயத்துக்குப் பின்னால ராவுல கத்துறது என்னான்னு தெரியாதுடா" என்றான்.

கிரிக்கெட்டில் அடிபட்ட முழங்காலோடு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவனால் நடக்க முடியாது. அதனால் நான்.

மரை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் பெயர் தெரியும், ஆளைத் தெரியாது. சிங்களத்தில் கோனா. இலங்கையில் உள்ள மான் இனங்களில் மிகப் பெரியது. முற்றிய கிடா 200 கிலோவையும் தாண்டும். உடம்பில் புள்ளி இல்லை, கருங்கபில நிறம், கழுத்தில் பிடரி போல மயிர். கொம்பு கிடாவுக்கு மட்டும்தான். ஒரு கொம்பில் வழமையாக மூன்று முனை. அந்தக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். மாட்டுக் கொம்பு மாதிரி ஆயுசுக்கும் நிற்பதில்லை. பிணை சுமார் எட்டு மாதம் சுமந்து, அநேகமாக ஒரே ஒரு குட்டி போடும்.

வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு 'எல்க்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையான எல்க் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள வேறு விலங்கு. பெரிய மானைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நுவரெலியாவுக்கு அங்கால் 'எல்க் ப்ளேன்ஸ்' என்று இன்றைக்கும் ஓர் இடம் இருக்கிறதே, அந்தப் பெயர் நம்முடைய மரையின் பெயர்தான்.

1848இல் நுவரெலியாவில் பண்ணை போட வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டையில் பேர் போனவர். நாய்க் கூட்டத்தை விட்டு மரையைத் துரத்தி, அது ஓடிக் களைத்து ஆற்றுத் தண்ணீரில் நின்று நாய்களை எதிர்க்கும்போது, கிட்டப் போய் கத்தியால் குத்துவது அவர் முறை. அதையெல்லாம் 1854இல் புத்தகமாகவும் போட்டார். ஹோர்ட்டன் சமவெளியில் நாம் குடும்பத்தோடு நின்று படம் எடுக்கிற பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் நைல் நதியின் மூலத்தைத் தேடினார். இங்கே மரைகள் மிஞ்சினது அதிர்ஷ்டம்.

இன்று மரையைப் பகல் வெளிச்சத்தில் நின்று பார்ப்பதற்கு நமக்குக் கிட்டின நல்ல இடமும் அதே ஹோர்ட்டன் சமவெளிதான். 1988இல் அது தேசிய பூங்காவானது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடங்களில் சேர்ந்தது.

இரவு மூன்று மணிக்கு வேனில் புறப்பட்டோம். இறம்பொடை வளைவுகள், லபுக்கலை, ஒரே மூடுபனி. நுவரெலியாப் பள்ளியில் ஸுபஹ் தொழுதேன். அவன் வேனில் இருந்து ப்ளேன்டீ ஊற்றி வைத்திருந்தான். இலங்கையிலேயே உயரத்தில் உள்ள ரயில் நிலையம் பட்டிப்பொல. அதைக் கடந்து பூங்கா வாசலுக்குப் போகும்போது விரல் மடங்கவில்லை. வாசலில் பொலித்தீன் இருக்கிறதா என்று பையைச் சோதித்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருந்த லேபலையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மரை அதைத் தின்றுவிடும். தின்றால் வயிற்றில் அடைத்துச் சாகும்.

அவன் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மரை வருஷத்தில் எந்தக் காலத்திலும் குட்டி போடக்கூடியது. ஆனால் கிடாவுக்குக் கொம்பு முற்றி, பட்டுப் போன்ற தோல் உரிந்து, இணை தேடி அலைகிற ஒரு காலம் உண்டு. அந்த நேரத்தில் அதன் நடத்தையே வேறு.

புல்வெளி ஓரத்தில் ரோட்டை விட்டு இறங்காமல் முக்காலியை விரித்தோம். ஏழு மணியளவில் பனி கொஞ்சம் கலைந்தது. முதலில் நான்கு பிணைகள், ஒரு குட்டி. அதற்குப் பின்னால் கிடா. உடம்பு முழுக்கக் கறுப்புச் சேறு. கொம்பில் புல்லும் கொடியும் தொங்கியது.

"சேத்துல பெரண்டுட்டு வந்திருக்கான். மாப்பிள்ளைக்கு சென்ட் அடிச்சிருக்கு" என்றான் நண்பன்.

அது பகிடி மட்டுமல்ல. அந்தக் காலத்தில் கிடா சேற்றில் தன் சிறுநீரையும் கலந்து புரளும். அந்த வாடைதான் மற்றக் கிடாக்களுக்கும் பிணைகளுக்கும் அது அனுப்புகிற செய்தி. பிறகு ஒரு மரத்தடிக்குப் போய், பின்னங்காலில் எழும்பி நின்று, கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைத் தாழ்ந்த கிளையில் தேய்த்தது. அவ்வளவு பெரிய உடம்பு இரண்டு காலில் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தொண்டையில் மயிர் உதிர்ந்து சிவந்த ஓர் இடம் தெரிந்தது. காயமா என்று கேட்டேன். "இல்ல மச்சான், அது மரைக்கு இயற்கையா வாறது. இந்த நேரத்துல நல்லாத் தெரியும்" என்றான். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னான். என் இரண்டாவது வேலை அதுதான்: நேரம், எத்தனை விலங்கு, என்ன செய்கிறது என்று எழுதுவது.

ஒன்பது மணி மட்டில் இன்னொரு கிடா வந்தது. கொம்பும் கொம்பும் மாட்டின சத்தம் காய்ந்த மூங்கிலை முறிப்பது போல இருந்தது. இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. வந்தவன் பின்வாங்கினான். மரை சாதாரணமாக எப்படிப்பட்ட பிராணி? ஒரு சுள்ளி முறிந்தால் முன்னங்காலால் நிலத்தைத் தட்டி, வாலை நிமிர்த்தி, "டொங்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். அன்றைக்கு அப்படியில்லை. வேன்கள் நிற்கின்றன, ஆட்கள் செல்ஃபி எடுக்கிறார்கள், ஒருவர் பிஸ்கட்டை நீட்டுகிறார். கிடா எதையும் பார்க்கவில்லை. பிணை போகும் திசையில் போகிறது. மேயவும் இல்லை.

"இந்த நேரத்துல அவனுக்குப் பயம் கெடையாது. பசியும் கெடையாது. எங்க வேணும்னாலும் நடப்பான்" என்றான் நண்பன்.

எங்கே வேண்டுமானாலும் நடக்கிற ஒன்று எதில் வேண்டுமானாலும் மாட்டும் என்பது பின்வாங்கிப் போன அந்த இரண்டாவது கிடாவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. கமராவின் சின்னத் திரையில் நண்பன் விரலால் காட்டினான். வலது முன்னங்காலில், குளம்புக்கு மேலே, ஒரு கம்பி வளையம். தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. ஒரு சாண் நீளத் துண்டு பின்னால் இழுபட்டது. எங்கேயோ சுருக்கில் மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு தப்பி வந்திருக்கிறது. அந்தக் காலோடுதான் வந்து முட்டிப் பார்த்திருக்கிறது.

பூங்கா காவலர்களிடம் படத்தைக் காட்டினோம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்கள். வைத்தியர் வந்து மயக்க ஊசி ஏற்றித்தான் கம்பியை வெட்டலாம், அதற்கு அது மறுபடி கண்ணில் பட வேண்டும் என்றார்கள். திரும்பி வரும் வழியில் அம்பேவெல வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் அவன் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினான். எந்தப் பாடசாலை, எந்தத் தோட்டம் என்று எழுதமாட்டேன். கேட்கவும் வேண்டாம். நானும் போயிருந்தேன். சேற்றில் புரளும் இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். கம்பி தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்தி, "இது என்னான்னு தெரியுமா?" என்று கேட்டான்.

பின்வரிசையில் ஒரு பையன் துள்ளி எழும்பினான். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளையாம்.

"ப்ரேக் கேபிள் சேர்! மோட்டர் சைக்கிள் ப்ரேக் கேபிள். அதத்தான் போடணும், கயிறுன்னா கடிச்சிரும். தேயில மலைக்கும் காட்டுக்கும் நடுவுல தடம் இருக்குமில்ல, அதுல முழங்கா ஒசரத்துல கட்டணும்."

விடை தெரிந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. பிறகு வகுப்பு அமைதியாக இருப்பதைக் கண்டான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. நண்பன் ஒன்றும் கேட்கவில்லை. "சரியான விடை. உக்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தான். ஓர் ஆசிரியனாக என் நண்பனை நான் அதிகம் மதித்த நிமிடம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் லயத்துக்குப் போனோம். தகப்பனார் டீ ஊற்றித் தந்தார். சுற்றி வளைக்காமல் பேசினார். லயத்துக்கு மேலே சின்னத் துண்டில் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறார். ஒரே இரவில் காட்டுப் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கின கடன் அப்படியே நிற்கும். பன்றிக்குத்தான் கம்பி வைத்தது.

"கம்பிக்குக் கண்ணு இருக்கா சேர்? வாறது மாட்டும். மரை மாட்டுச்சுன்னா அன்னைக்கே டவுன்ல இருந்து ஃபோன் வந்துரும். நான் எடுத்துட்டா இன்னொருத்தன் வைப்பான். வாங்குற ஆளு நிக்கிறாங்கதானே?"

வாங்குகிற ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. என் தொப்பியைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கிழமையே விடை கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபோன் எடுத்தார்.

"சேர், மரை எறச்சி வந்தீக்கி. ஆட்ட விட மலிவு. பிஸ்மி செல்லி அறுத்தது, ஹலால். எத்தின கிலோ வெக்கட்டும்?"

"அறுக்கக்குள்ள உசிர் ஈந்ததா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது எனக்குத் தெரியா சேர். தந்த ஆள் அப்பிடித்தான் சென்ன."

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

நான் மௌலவி அல்ல. ஃபத்வா கொடுக்க வரவில்லை. மார்க்கச் சட்டத்தை ஊரில் உள்ள உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் மத்ரஸாவில் சின்ன வயதில் எல்லோரும் படித்தது இது. சூரா அல்மாஇதாவின் 3ஆவது வசனம் நமக்கு விலக்கப்பட்டவற்றை எண்ணிச் சொல்கிறது. செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி என்று வரும் அந்த வரிசையில், கழுத்து நெரிபட்டுச் செத்ததும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உயிர் போவதற்கு முன் அறுத்தால் மட்டும்தான் விலக்கு. சுருக்குக் கம்பி கழுத்தில் விழுந்தால் என்ன செய்யும்? நெரிக்கும். இரவில் மாட்டினதை விடிய வந்து பார்க்கிறவர் என்ன காண்பார்? பிறகு அதன் கழுத்தில் கத்தி வைத்தால் அது அறுப்பாகிவிடுமா?

காலில் மாட்டினால் இன்னும் மோசம். சாகாது. ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே நிற்கும். பூனையைக் கட்டிப் போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் வைத்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸை நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பூனைக்குச் சொன்னது மரைக்கு இல்லையா?

சிலர் சொல்வார்கள்: வேட்டை நம் மார்க்கத்தில் ஹலால்தானே என்று. முறையோடு செய்த வேட்டை, சரி. ஆனால் இது வேட்டையே இல்லை. கம்பியைக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுப்பது. அதிலும் மரை எச்சரிக்கையை மறந்து இணையின் பின்னால் அலைகிற மாதங்களில் அதிகம் மாட்டக்கூடியது முற்றிய கிடாவும், அதைச் சுற்றி நிற்கிற பிணைகளும்தான். ஒரு பிணை போனால் வயிற்றில் இருப்பதும் சேர்ந்து போகும்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். மரையைக் கொல்வது மட்டுமல்ல, அதன் இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பிடிபட்டால் பெயர் பத்திரிகையில் வரும்போது ஊருக்கும் சேர்த்துத்தான் வரும்.

கம்பிக்குக் கண் இல்லை என்று அந்தத் தகப்பனார் சொன்னதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி இருக்கிறது. 2020 மே 26, நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பியோடு உயிருடன் கிடந்தது. கறுப்பு நிறத்தில் சிறுத்தை இந்த நாட்டில் காண்பதே அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தார்கள். மே 29 அது செத்துப்போனது. அந்தக் கம்பியை யாரும் சிறுத்தைக்கென்று வைத்திருக்கமாட்டார்கள். மலையகத்துச் சிறுத்தைக்கு மரை முக்கியமான இரை. காட்டில் மரை குறைந்தால் சிறுத்தை எங்கே வரும்? லயத்து நாயைத் தேடி வரும். அந்த லயத்தில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தத் தகப்பனாருக்கு எங்களால் உடனே ஒரு தீர்வும் கொடுக்க முடியவில்லை. வேலி போட்டால் நல்லது, வேலிக்குக் காசு இல்லை. இப்போதைக்கு அந்த மேட்டில் தோட்டம் போட்டிருக்கிற சில வீட்டுக்காரர்கள் முறை வைத்து இரவுக் காவலுக்குப் போகிறார்கள். தகர டப்பாவும் டோர்ச்சும்தான் ஆயுதம். சனிக்கிழமை முறையில் நண்பனும் நானும் இரண்டு தடவை போய் இருந்தோம். பன்றி வந்தது, தகரத்தைத் தட்டினோம், போனது. எவ்வளவு நாளைக்கு இப்படி என்று தெரியாது. அவர் கம்பியை எடுத்தாரா என்று கேட்பீர்கள். அது அவருக்கும் எங்களுக்கும் இடையில் இருக்கட்டும்.

இனி உங்களிடம் கேட்க வந்தது.

மரை இறைச்சி வந்திருக்கிறது என்று ஃபோன் வந்தால் வாங்காதீர்கள். மலிவாகக் கொடுத்தாலும், சும்மா ஒரு பங்கு அனுப்பினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுக்கத்தான் மனம் இழுத்தால், குறைந்தது நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: அறுக்கும்போது உயிர் இருந்ததா, யார் பார்த்தது? நேரான பதில் வராது. டவுனில் இருந்து ஃபோன் போகாவிட்டால், பன்றிக்குக் கம்பி வைக்கிறவருக்கும் மரை மாட்டுவது லாபம் இல்லை, தலையிடிதான்.

காட்டு ஓரத்தில் கம்பியில் மாட்டி உயிரோடு நிற்கிற விலங்கைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். கொம்பாலும் குளம்பாலும் அடிக்கும். 119க்கு அடியுங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நேரத்தோடு சொன்னால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

படம் 11 நிமிடம். பள்ளி மண்டபமோ, கோயில் மண்டபமோ, பாடசாலையோ, எங்கே கேட்டாலும் நண்பனும் நானும் கொண்டுவந்து போட்டுக் காட்டுவோம். காசு வேண்டாம். ப்ரொஜெக்டர் மட்டும் எங்களிடம் இல்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளேன்டீ தந்தால் குடிப்போம்.

வஸ்ஸலாம்.